பன்னிரண்டு கையெழுத்து, மூன்று மாத வாடகை

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகை உதவி பெற்றுக்கொண்டதற்கான பன்னிரண்டு பற்றுச்சீட்டுப் பாரங்களில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் ஏற்கெனவே அச்சாகி இருந்தன. மாதம், தொகை, தேதி, இந்த மூன்று கட்டங்கள்தான் காலி. “சைன் மட்டும் போடுங்க தங்கச்சி, மத்ததெல்லாம் பொறவு நாங்க நிரப்பிக்கிறோம்” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த அண்ணன். போட்டேன். ஏழாவது பாரத்தில் பேனா மக்கர் பண்ணியது. உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து மறுபடி எழுதியதில் அந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அப்போது அதை யார் கவனித்தார்கள்? ஒன்றரை வருஷம் கழித்து ஓர் அலுவலகத்தில் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அழுதேன்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது எங்கள் ஊர், ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். 2007-லேயே மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாய்க்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. என் கணவர் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டியவர், இருபத்திரண்டு வருஷம். 2022-ல் மட்டை விழுந்து வலது தோள்பட்டை போய்விட்டது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, தூக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் காப்புறுதிக்கு, அலைந்த கதை தனி, அதை இங்கே எடுத்தால் முடியாது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த வட்டாரத்தில் ஐந்து தோட்டத்து ஆட்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்ததைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். நவம்பர் கடைசியில் லயன் வீட்டுச் சாவியைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குள் வந்தோம்.

ஊருக்குள் வாடகை வீடு தேடுவது அவ்வளவு லேசு இல்லை. யுனிசெல் பல்கலைக்கழகம் இங்கே இருப்பதால் வீட்டுக்காரர்கள் மாணவர்களுக்கு அறை அறையாக விடத்தான் பார்ப்பார்கள், ஒரே குடும்பத்துக்கு விட்டால் அவர்களுக்கு நஷ்டம். கடைசியில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவு விலை ஒற்றை மாடி வீடு மாதம் 550 வெள்ளிக்குக் (ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம்) கிடைத்தது. இரண்டு மாத முன்பணம் 1,100, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் 275, முதல் மாத வாடகை 550, ஆக 1,925 வெள்ளி ஒரே மூச்சில். கூட்டுக் காசை, அதாவது சீட்டுப் பணத்தை, தள்ளி எடுத்துக் கட்டினேன். நான் ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், அப்போது அடிப்படைச் சம்பளம் 1,500 வெள்ளி, 2022 மே மாதம் வந்த குறைந்தபட்சச் சம்பளம். 2022 கணக்குப்படி நாட்டின் வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. நாங்கள் அதற்குக் கீழே, எட்டிப் பிடிக்க முடியாத கீழே.

அந்த நேரத்தில்தான் கோயிலில் ஓர் அக்கா இந்த வாடகை உதவியைப் பற்றிச் சொன்னார். ஓர் இயக்கம் நடத்துகிறது, காசு அரசாங்க மானியம், மாதம் 300 வெள்ளி, ஒரு வருஷத்துக்கு, நேராக வீட்டுக்காரருக்கே போய்விடும். இயக்கத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். சேர்ந்தேன். ஐசி நகல் கேட்டார்கள், கொடுத்தேன். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், வாடகைக்குக் காசு கொடுப்பவன் வாடகைப் பத்திரத்தைப் பார்க்காமல் கொடுப்பானா? ஆனால் கையில் காசில்லாத நேரத்தில் யாராவது கொடுக்கிறேன் என்று வந்தால் நாம் கேள்வி கேட்பதில்லை, கும்பிடத்தான் செய்கிறோம். கையெழுத்துப் போட்ட அன்று மண்டபத்தில் நாற்பது பேர் இருப்போம். நெகிழியில் அச்சடித்த பெரிய காசோலை ஒன்று, அதில் 3,600 வெள்ளி என்று எழுதியிருந்தது, அதையே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கொடுத்து வாங்கிப் படம் எடுத்தார்கள். மீகூனும் தேநீரும் கொடுத்தார்கள். நல்ல மீகூன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். காலிக் கட்டம் இருக்கும் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி” என்பார்கள். பரவாயில்லை, பின்னால் வரிசை நிற்கட்டும். மாதம் என்ற இடத்தில் மாதம், தொகை என்ற இடத்தில் தொகை, அவர்களே எழுதிய பிறகு போடுங்கள், போட்டதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி காசு வராமல் பிப்ரவரி பற்றுச்சீட்டில் கையெழுத்து எதற்கு? ஐசி நகல் கொடுத்தால் அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் ‘உந்துக் பெர்மொஹோனான் பந்துவான் சேவா சஹாஜா’ (வாடகை உதவி விண்ணப்பத்துக்கு மட்டும்) என்று எழுதி தேதியும் போடுங்கள். பேங்கில் போடச் சொல்வார்களே, அதே மாதிரிதான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே நமக்கு ஒரு தகவல்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாதம் காசு போனது. என் பங்கு 250 வெள்ளியை நான் மாதாமாதம் வீட்டுக்காரர் கணக்கில் போட்டுவிடுவேன், மீதி 300 அவர்கள் போடுகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு சீனர், வயதானவர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், மகனோடு கிள்ளானில் இருக்கிறார், தினமும் பேங்கைப் பார்க்கிறவர் இல்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் அழைத்தார். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், நாலு மாதமாக 300 வரவில்லை, மொத்தம் 1,200, ஒரு வாரத்தில் கொடு, இல்லாவிட்டால் பூட்டை மாற்றுவேன் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இயக்கத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப் போட்டேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. மறுநாள் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன். 1,200 வெள்ளி, மாதம் இரண்டு விழுக்காடு வட்டி, அதாவது 24 வெள்ளி.

பூட்டை மாற்றுவது பற்றிப் பிறகு தெரிந்துகொண்டது: குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் வெளியே தள்ள முடியாது. 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2). வாடகை பாக்கி இருந்தாலும் இதுதான் சட்டம். நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் இப்படிப் பழைய சட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தவுக்கே மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனால் அன்றைக்கு இது தெரிந்திருந்தால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஒரு மாதத் தவணையாவது கேட்டிருப்பேன். வாடகை உதவி நேராக வீட்டுக்காரருக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அவரிடம், ‘தவுக்கே, இந்த மாசம் ரெண்டும் வந்துச்சா’ என்று ஒரு வரி செய்தி அனுப்புங்கள். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி நம் கணக்கில் விழுகிறது, விழாவிட்டால் அன்றைக்கே தெரியும். அடுத்தவர் கணக்கில் விழுகிற உதவி நின்றால் நமக்குத் தெரிய நாலு மாதம் ஆகும், அந்த நாலு மாதமும் நம் பெயரில்தான் கடன் ஏறும்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் முழு வாடகை கட்ட முடியவில்லை. அக்டோபர் கடைசியில் காலி செய்தோம். முன்பணம் 1,100-ல் அந்த இரண்டு மாதக் குறை 600, சாயம் அடிக்க 150 கழித்துக்கொண்டு 350 திருப்பிக் கொடுத்தார். லோரிக்கு 250. ஆற்றுப் பக்கம் ஒரு பழைய பலகை வீடு, மாதம் 350, மழை பெரிதாகப் பெய்தால் வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் அந்த வருஷம் நாலாம் படிவம். புது வீட்டில் அவள் படிக்க மேசை போட இடமில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதுவரைக்கும் நான் என்ன நினைத்தேன் என்றால், மானியம் முடிந்துபோயிருக்கும், நமக்கு அவ்வளவுதான் கொடுப்பினை என்று. 2024 பிப்ரவரியில் வேறோர் உதவிக்கு மனுப் போட்டேன். முகப்பில் இருந்த அம்மா கணினியைப் பார்த்தார், ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “புவான், நீங்கள்தான் ஏற்கெனவே வாடகை உதவி முழுசாகப் பெற்றிருக்கிறீர்களே, பன்னிரண்டு மாதம், 3,600 வெள்ளி” என்று மலாயில் சொன்னார். மூன்று மாதம்தான் என்றேன். இல்லை, ஒவ்வொரு மாதத்துக்கும் உங்கள் கையெழுத்து இருக்கிறதாக அறிக்கை சொல்கிறது என்றார். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது, ஆனால் நம்புகிற பார்வையும் இல்லை. என் மனு அந்த மேசையிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்து மோட்டார் மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வராத காசு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வராத காசை வாங்கியதாக எழுதி, அதைக் காட்டி வரவேண்டியதையும் தடுத்தால் எப்படி விடுவது?

இயக்கத்து அண்ணனை நேரில் போய்ப் பார்த்தேன். முதலில் இருங்க தங்கச்சி விசாரிக்கிறேன் என்றார், இரண்டாம் தடவை போனபோது, அறிக்கையெல்லாம் அனுப்பி முடிச்சாச்சு, கணக்கு மூடியாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது என்றார். மூன்றாம் தடவை அவர் பேசவில்லை, பக்கத்தில் இருந்த இன்னொருவர் பேசினார்: நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுக்கலாமா, நாளைக்கு இந்தியர்களுக்கு வர்ற மானியமே நின்னு போச்சுன்னா யாரு பொறுப்பு? அந்தப் பேச்சில் நான் ஒரு மாதம் அடங்கிப் போனேன். உண்மையிலேயே அடங்கிப் போனேன். 2021-ல் மித்ரா (இந்தியர்களுக்கான அரசாங்க உதவிப் பிரிவு) மானியம் வாங்கிய சில இயக்கங்களை எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) விசாரித்தபோது எங்கள் ஒட்டுக்கடையில் வாரக்கணக்காக அதே பேச்சு, நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். என் விஷயத்தில் காசு மித்ராவுடையது இல்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரிய ஆட்கள் விவகாரம் என்று நினைத்ததில் நம் கையெழுத்தும் இருக்கும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

அப்புறம்தான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரிடம் போனேன். அவர் சொன்னது எனக்குக் கண்ணைத் திறந்தது என்றால் மிகையில்லை. அரசாங்கம் இயக்கத்துக்கு மானியத்தை மொத்தமாகக் கொட்டாதாம், கட்டம் கட்டமாகத்தான் விடும். அடுத்த கட்டம் வேண்டுமானால் முதல் கட்டக் காசு எங்கே போனது என்று அறிக்கை வைக்க வேண்டும், பெயர்ப் பட்டியல், ஐசி நம்பர், பற்றுச்சீட்டு, படம். “ஒங்கள மண்டபத்துல கூட்டுனது எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அந்த அறிக்கைக்குத்தாம்மா” என்றார். அங்கே இருக்கும் அதிகாரி எத்தனையோ கோப்புகளுக்கு நடுவில் பட்டியல் இருக்கா, ரசீது இருக்கா, படம் இருக்கா என்று பார்த்து டிக் போடுவார். பத்தாங் பெர்ஜுந்தைக்கு வந்து இந்தம்மா இந்த வீட்டில்தான் இருக்காங்களா என்று கதவைத் தட்ட அவருக்கு ஏது நேரம்? அதற்கு மேலே தேசிய கணக்காய்வுத் துறை இருக்கிறது, தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும், பொதுக் கணக்குக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்கும், அவர்களும் எல்லாக் கோப்பையும் பிரிப்பதில்லை, சிலதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். அரசாங்கக் காசு எந்தக் கைக்குப் போனாலும் அதைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று 2024-ல் கணக்காய்வுச் சட்டத்தையும் திருத்தினார்கள், அதை ஐயா பின்னால் பத்திரிகையில் காட்டினார். ஆனால் எந்தக் கோப்பைப் பிரிப்பது என்று ஒருத்தருக்குத் தெரிய வேண்டுமே. “நீங்க எழுதிக் கொடுத்தாத்தாம்மா அந்தக் கோப்பு மேல வரும். இல்லாட்டி கீழேயே கெடக்கும்.”

அவரிடம் போகும் முன் நானாகவே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். சிலாங்கூரில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, 2011-ல் இயற்றியது, மாநில அரசு இலாகாக்களிடம் எழுதிக் கேட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாள் லீவு போட்டு ஷா ஆலம் போனேன், இரண்டு பஸ் மாறி. அங்கே விசாரித்த பிறகுதான் தெரிந்தது, என் வாடகைக்கு வந்த மானியம் மாநிலத்துடையது இல்லை, மத்திய அரசுடையது, மாநிலச் சட்டம் அதற்குச் செல்லாது. மத்திய அரசுக்கு அப்படி ஒரு தகவல் சட்டமே அப்போது இல்லை. சட்டம் நல்ல சட்டம்தான், மாநிலக் காசு என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் எழுத வேண்டியிருக்கும். ஆனால் எங்கும் போவதற்கு முன் இது யார் காசு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலமா, மத்தியா, எந்த அமைச்சு, எந்த வருஷத்து ஒதுக்கீடு. உதவி வாங்குகிற அன்றைக்கே கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள், பின்னால் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. மண்டபத்துப் பதாகையில் சின்னங்கள் வரிசையாக இருந்தன, நான் அதைப் படம் எடுத்திருந்தால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் மிச்சம்.

இன்னொரு முட்டாள்தனத்தை ஐயா தடுத்தார். மகள் எனக்காக ஃபேஸ்புக்கில் போட எல்லாம் எழுதி வைத்திருந்தாள், இயக்கத்தின் பெயர், அண்ணனின் படம், அத்தனையும். போடாதே என்றார். அவதூறு வழக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2010-ல் வந்த தகவல் அளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் தரப்பிடம் கொண்டுபோய்ச் சொல்கிறவருக்குத்தான் பாதுகாப்புக் கொடுக்கிறது, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனால் அது கிடைக்காமல் போகலாம். அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை. கோபம் வரும்போது முதலில் விரல் போகிற இடம் ஃபேஸ்புக்தான், எனக்குத் தெரியும், இரண்டு நாள் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு துடித்தேன்.

புகாரை ஐயாவும் மகளும் உட்கார்ந்து மலாயில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினார்கள். நான் எழுதியிருந்தால் தோட்டத்துக் கதையிலிருந்து ஆரம்பித்திருப்பேன், ஐயா அதையெல்லாம் வெட்டிவிட்டார். எந்தத் தேதி என்ன கையெழுத்து, எந்த மாதம் காசு வந்தது, எந்த மாதம் வரவில்லை, என்ன கேட்கிறேன், அவ்வளவுதான். தவுக்கேயிடம் போய் நின்றேன், அவர் ஒரு வார்த்தை பேசாமல் மகனை விட்டுப் பேங்க் கணக்கை அச்செடுத்து, இயக்கத்திலிருந்து வந்த மூன்று வரவுகளை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொடுத்தார். அந்த மூன்று மஞ்சள் கோடுதான் என் வழக்கு முழுவதும். சத்தியப் பிரமாணம் ஒன்று, ஆணையருக்குப் பத்து வெள்ளி. வாடகை ஒப்பந்தத்தை இணைக்கப் போனபோது அடுத்த இடி: அதற்கு முத்திரை வரி கட்டவே இல்லை. கையெழுத்தான முப்பது நாளுக்குள் கட்டியிருந்தால், அப்போதைய கணக்கில் வருஷ வாடகை 6,600-ல் 2,400 கழித்து மீதிக்கு 250-க்கு ஒரு வெள்ளி வீதம், வெறும் 17 வெள்ளி. ஆறு மாதம் தாண்டியதால் அபராதம் 100. பதினேழு வெள்ளி வேலைக்கு 117. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது என்பதால் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 2025-லிருந்து அந்த 2,400 கழிவும் இல்லை, இப்போது கட்டுகிறவர்கள் புதுக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகாரை அமைச்சின் இணையப் புகார் முறையில், சிஸ்பா என்பார்களே, அதில் போட்டோம், அதே நாளில் அச்செடுத்து நேரிலும் கொடுத்து நகலில் சாப்பு (அலுவலக முத்திரை) குத்தி வாங்கினோம். சாப்பு குத்திய நகலை விட்டுவிடாதீர்கள். பின்னால் மூன்று தடவை ‘கடிதம் வரவில்லையே’ என்றார்கள், மூன்று தடவையும் அந்தச் சாப்பைத்தான் காட்டினேன். மே மாதம் கொடுத்தது. ஜூன் முழுக்க ‘நடவடிக்கையில் உள்ளது’. ஜூலை நடுவில் கூப்பிட்டார்கள்.

ஒரு சிறிய அறை, குளிரூட்டி அதிகம், நான் வேலைச் சட்டையோடு போயிருந்தேன். இளைய அதிகாரி ஒருவர், மலாய்க்காரப் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பன்னிரண்டு நகல்களை மேசை மேல் இரண்டு வரிசையாகப் பரப்பினார். பிப்ரவரி முதல் அடுத்த ஜனவரி வரை, ஒவ்வொன்றிலும் 300, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எல்லாம் ஒரே கையெழுத்தில் ஒரே நீல மையில் நிரப்பியிருந்தது. கீழே என் பெயர், என் கையெழுத்து. “இது உங்களுடையதா?” என்றார். ஓகோஸ், அதாவது ஆகஸ்ட், என்று எழுதியிருந்த பாரத்தில் அந்த இடைவெளி இருந்தது. ஆகஸ்டில் நான் சங்கிலியை அடகு வைத்தேன். அதே ஆகஸ்டில் 300 வெள்ளி பெற்றுக்கொண்டேன் என்று, மை நின்றுபோன பேனாவால், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கேதான் அழுதேன். என்னுடையதுதான், எல்லாம் ஒரே நாளில் போட்டது, இதோ இந்த இடத்தில் பேனா நின்றது என்று காட்டினேன். அந்தப் பெண் சற்று நேரம் அதையே பார்த்தார், பிறகு மற்ற பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய்யான ஆவணத்தைக் காட்டி ஏமாற்றுவது 2009 எஸ்பிஆர்எம் சட்டத்தில் 18-ஆவது பிரிவுக் குற்றம், இருபது வருஷம் வரை சிறை என்று மகள் தேடிப் படித்துக் காட்டியிருந்தாள். அந்தப் பொய்ப் பாரத்தில் இருப்பது என் கையெழுத்தாயிற்றே. ஐயா சொன்ன ஒரே ஆறுதல், முதலில் போய்ச் சொன்னவள் நீ என்பதுதான். மண்டபத்தில் என்னோடு இருந்தவர்களில் ஐந்து பேரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். இரண்டு பேர் கூட வந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் எனக்குப் பன்னிரண்டு மாதமும் வந்தது என்றார், வந்திருக்கலாம், நான் ஏன் பொய் என்று சொல்ல வேண்டும்? மற்ற இருவரும் இப்போதும் என்னைக் கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

2024 டிசம்பரில் கடிதம் வந்தது. என் பதிவு திருத்தப்பட்டது, பெற்றது மூன்று மாதம், 900 வெள்ளி. இயக்கத்தின் மீதான விசாரணை தனியாக நடக்கிறது, அதைப் பற்றி எனக்குச் சொல்ல இயலாது என்று ஒரு வரி. மிச்சம் 2,700 வெள்ளி எனக்கு வராது, அதையும் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சாயம் 150, லோரி 250, சங்கிலியை எட்டு மாதம் கழித்து மீட்டபோது வட்டி 192, முத்திரை அபராதம் 100, லீவு போட்ட ஆறு நாள் சம்பளம் 340 வெள்ளிக்கு மேல். அவர்கள் கட்டாமல் விட்ட வாடகையைச் சேர்க்காமலே ஆயிரத்தைத் தாண்டுகிறது. கோப்புக்குள் எட்டு மாதம். வீட்டில் சிரிப்பில்லாமல் போன நாட்களுக்கு யாரிடம் பற்றுச்சீட்டு வாங்குவது என்று தெரியவில்லை.

நின்றுபோன அந்த மனுவை மறுபடி போட்டேன். போன மாதம் அதற்காக ஓர் அதிகாரி பலகை வீட்டுக்கே வந்தார். நாலு வருஷக் கதையில் காசு கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார், வாடகைப் பத்திரத்தைக் கேட்டார், முத்திரையைப் பார்த்தார், கூரையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைத்திருந்த வாளியையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். என் கணவர் கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று தூக்கிக் காட்டினார், அவர் கேட்கவில்லை, இவராகவே காட்டினார். போகும்போது பாரத்தை நீட்டி, “சைன் சினி, புவான்” என்றார், இங்கே கையெழுத்துப் போடுங்கள் அம்மா என்று. வாங்கிப் பார்த்தேன். வருகை நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. இதை எழுதிவிடுங்கள் துவான், பிறகு போடுகிறேன் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 10.40 என்று எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்தார். உள்ளங்கையில் ஒரு கிறுக்குக் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.